விழித்திரையும் அழற்சியும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்குப் பள்ளியில் நடைபெற்ற கண் மருத்துவ முகாமின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன்விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இன்று இப்பள்ளி வளாகத்தில் கண் மருத்துவ முகாம் நடைபெறுகின்றது. மருத்துவர்களும் செவிலியரும் அதிகாலையிலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். உங்கள் அனைவரின் சார்பிலும் அவர்களை அன்போடு வரவேற்கின்றோம்.

கண் முகாம் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு காரியங்களே நினைவுக்கு வரும். ஒன்று கண்புரை, மற்றொன்று மூக்குக்கண்ணாடி. இவ்விரண்டுக்கும் இன்று வழி செய்யப்பட்டிருக்கின்றது. ஆனால் முகாமுக்காகக் காத்திருக்கவே கூடாத கண்நோய் ஒன்று உண்டு. அடுத்த முகாம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் பார்வை போய்விடும். விழித்திரை விலகல் என்பது அதன் பெயர். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி மருத்துவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அந்நோயில் அழற்சிக்கு உள்ள பங்கு என்ன, அதை அறிந்து நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

நாம் மருத்துவர் அல்லோம். நூல்களில் படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் உங்கள் முன் வைக்கின்றோம். ஐயம் இருந்தால் அதோ அமர்ந்திருக்கும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விழித்திரை எப்படி நிற்கின்றது?

நமது கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. ஒரு நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே தடித்த வெண்படலம். நடுவே இரத்தக் குழாய்கள் நிறைந்த கரிய படலம். உள்ளே விழித்திரை. நடுப்படலத்தையும் அதோடு தொடர்ந்துவரும் பகுதிகளையும் சேர்த்து மேல்நாட்டு மருத்துவர்கள் ‘யூவியா’ என்று அழைத்தார்கள். இலத்தீன் மொழியில் ‘ஊவா’ என்றால் திராட்சை. வெளிப்படலத்தை உரித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது கருந்திராட்சை போலத் தோன்றுமாம். அதனால் வந்த பெயர்.

விழித்திரை மிக மெல்லியது. சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு கனந்தான். அதில் ஏறக்குறைய 10 கோடி ஒளியுணர் செல்கள் உள்ளன. அவை உணர்வதை 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் மூளைக்குக் கொண்டு சேர்க்கின்றன. அந்த ஒளியுணர் செல்களுக்கு உணவும் உயிர்வளியும் பின்னால் உள்ள கரிய படலத்திலிருந்தே வருகின்றன. ஆகவே விழித்திரை தன் இடத்தைவிட்டு விலகினால், தாயின் மடியிலிருந்து விலக்கப்பட்ட கைக்குழந்தையின் நிலைதான் அதற்கு.

இத்துணை அருமையான திரை, சுவரில் பசை போட்டு ஒட்டியதுபோல ஒட்டப்பட்டிருக்கவில்லை என்பது நாம் அறிய வேண்டிய முதல் உண்மை. பார்வை நரம்பு புறப்படும் இடத்திலும், முன்புற விளிம்பிலும் மட்டுமே அது உறுதியாகப் பிடித்திருக்கின்றது. மற்ற இடங்களில் ஈரச் சுவரில் படிந்த நனைந்த துணிபோல் படிந்து கிடக்கின்றது. அதற்கும் கரிய படலத்துக்கும் இடையே நிறமிச் செல்கள் ஒற்றை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இச்செல்கள் இரவும் பகலும் ஓயாமல் நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அவை இறைப்பதால்தான் திரை சுவரோடு படிந்து நிற்கின்றது. இறைப்பு தோற்று, நீர் மிஞ்சி நின்றால் திரை கழன்று மிதக்கின்றது. இதுவே விழித்திரை விலகல்.

அழற்சி என்பது யாது?

அழற்சி என்ற சொல்லைக் கவனியுங்கள். அழல் என்றால் நெருப்பு. இலத்தீனிலும் ‘இன்ஃபிளமாட்சியோ’ என்ற சொல் ‘ஃபிளாமா’, அதாவது தீச்சுடர் என்பதிலிருந்தே பிறந்தது. இரு மொழியினரும் தனித்தனியே நெருப்பைத்தான் நினைத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சுஸ் என்னும் உரோமானிய ஆசிரியர் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்து வைத்தார்: ரூபோர், தூமோர், கலோர், தோலோர். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்பது பொருள். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு இந்நான்கு சொற்களும் ஒரு பாட்டைப் போல நாவில் நிற்கின்றன. உங்களுக்கோ சொல் தேவையில்லை, அனுபவமே உண்டு. விரலில் முள் தைத்து இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் இந்நான்கும் வந்துவிடுமல்லவா?

அழற்சி நமக்குப் பகை அன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் நெருப்பு அது. காயம்பட்ட இடத்துக்கு இரத்தம் விரைகின்றது, வெள்ளணுக்கள் விரைகின்றன, கிருமிகளை அழித்து, சேதத்தை அகற்றி, கடைசியில் தழும்பு என்னும் பூச்சைப் பூசி மூடிவிட்டுப் போகின்றன. அழற்சி இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது. அடுப்பில் எரிந்தால் சோறு வேகின்றது. அதே நெருப்பு கூரையில் ஏறினால் வீடு போகின்றது. கண்ணிலும் அதே கதைதான். அழற்சியே விழித்திரையைச் சுவரோடு ஒட்டவைப்பதும் உண்டு. அழற்சியே அதைப் பிரித்துப்போடுவதும் உண்டு. இரண்டையும் முறையே காண்போம்.

அதற்குமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். செல்சுஸ் கூறிய நான்கு அடையாளங்களும் விழித்திரையில் நமக்குத் தென்படுவதில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. அது கிழிந்தாலும் வலிக்காது, கழன்றாலும் வலிக்காது. கண்ணின் பின்பகுதியில் அழற்சி எழும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் வெள்ளையாகவே தோன்றுவதும் உண்டு. “வலியில்லை, சிவப்பில்லை, ஆகவே அவசரமில்லை” என்று எண்ணியே பலர் நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். இந்நோயின் பெரிய வஞ்சகம் இதுவே.

நெருப்பால் ஒட்டவைத்தவர்

விழித்திரை விலகலில் மிகுதியாகக் காணப்படுவது கிழிசலால் வருவது. கண்ணின் உள்ளே கண்ணாடி போன்ற கூழ் ஒன்று நிரம்பியிருக்கின்றது. வயது ஏற ஏற அது சுருங்கிப் பின்சுவரிலிருந்து பிரியும். அவ்வாறு பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடுவதுண்டு. அந்தக் கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்து திரையைத் தூக்கிவிடுகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இது வருகின்றது. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்தவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் இது வந்தவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

1851-ம் ஆண்டு ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். அதன் பிறகு மருத்துவர்கள் விலகிய விழித்திரையைக் கண்ணாலேயே கண்டார்கள். கண்டும் பயனில்லை. ஏன் விலகுகின்றது என்பதில் ஒத்த கருத்து இல்லை. கரிய படலத்தில் அழற்சி எழுந்து நீர் கசிந்து திரையைத் தள்ளுகின்றது என்று சிலர் கூறினர். கிழிசலைக் கண்டவர்களும் அது நோயின் விளைவே என்று எண்ணி விட்டுவிட்டனர். நோயாளிகளை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். ஊசியால் நீரை வெளியேற்றிப் பார்த்தார்கள். 1912-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் தம் தோழர்களிடம் விசாரித்துப் பார்த்தபோது, ஆயிரத்தில் ஒருவர்தான் குணமடைந்ததாகத் தெரியவந்தது.

இந்நிலையை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஷூல் கோனென் (1870–1935). கிழிசலே காரணம், அதைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்தால் திரை படியும் என்று அவர் உறுதியாகக் கூறினார். எதைக் கொண்டு அடைத்தார் தெரியுமா? நெருப்பைக் கொண்டு! கிழிசல் எந்த இடத்தில் இருக்கின்றது என்பதை நுட்பமாக அளந்து, அதற்கு நேராகக் கண்ணின் வெளிச்சுவரைத் திறந்து, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றி, பழுக்கக் காய்ந்த கம்பி முனையால் அவ்விடத்தைச் சுட்டார். சுட்ட இடத்தில் அழற்சி எழுந்தது. அழற்சி ஆறியபோது தழும்பு தோன்றியது. அத்தழும்பு விழித்திரையையும் கரிய படலத்தையும் ஒன்றாகத் தைத்துவிட்டது.

பல ஆண்டுகள் அவருடைய சொல்லைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1929-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டில்தான் அவருடைய முறை வெற்றி கண்டது. லோசான் கண் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இங்கே ஒரு நயம் உண்டு. விலகலுக்கு அழற்சியே காரணம் என்று முன்னவர் சிலர் சொன்னதைக் கோனென் பெரும்பாலான நோயாளிகளின் விஷயத்தில் மறுத்தார். ஆனால் குணப்படுத்தும்போது அதே அழற்சியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். தக்க இடத்தில், தக்க அளவில் மூட்டிய நெருப்பு மருந்தாயிற்று.

இன்றுவரை அடிப்படை இதுதான். ஜெர்மனியின் மையர் ஷ்விக்கராத் என்பவர், சூரிய கிரகணத்தைப் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கண்டு, அதே கதிரவன் ஒளியைக் கண்ணுக்குள் குவித்து விழித்திரைக்குச் சூடு போட 1949-ல் முயன்றார். பின்னர் அவ்விடத்தை லேசர் ஒளி பிடித்துக்கொண்டது. 1960-களில் கடுங்குளிரால் உறையவைக்கும் முறை பரவியது. சூடானாலும் குளிரானாலும் வேலை ஒன்றே: அளவான அழற்சியை எழுப்பித் தழும்பு உண்டாக்குவது. அத்தழும்பு முழு வலிமை பெற ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். அறுவைக்குப் பின் “குப்புறப் படுங்கள், இந்தப் பக்கமே தலையை வையுங்கள்” என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தழும்பு பிடிக்கும்வரை திரையை அமர்த்திவைக்கச் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். குமிழி கரையும்வரை அவர்கள் விமானத்தில் ஏறக் கூடாது. கொடைக்கானல், உதகை போன்ற உயர்ந்த மலைகளுக்கும் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கிவிடும்.

இக்கலை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய சார்லஸ் ஷெப்பன்ஸ், விழித்திரையின் ஓரம்வரை இரு கண்ணாலும் காண உதவும் கருவியை அமைத்தவர். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரே 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய மருத்துவர் பத்ரிநாத். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கின்றது. 1976-ல் மருத்துவர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இருக்கின்றது. அன்று ஆயிரத்தில் ஒருவர்; இன்றோ கிழிசலால் வரும் விலகலில் முதல் அறுவையிலேயே 100 பேரில் ஏறக்குறைய 85 முதல் 90 பேருக்குத் திரை மீண்டும் படிகின்றது.

அதே நெருப்பு அளவு மீறினால்?

எஞ்சியவர்களுக்கு என்ன நேர்கின்றது? இங்கேதான் அழற்சியின் மறுமுகத்தைக் காண்கிறோம்.

கண்ணுக்குள் அழற்சி எளிதில் எழாதவாறு உடல் பல காவல்களை வைத்திருக்கின்றது. இரத்தத்தில் உள்ளவை எல்லாம் கண்ணுக்குள் நுழைந்துவிடாமல் ஒரு தடுப்பு உண்டு. விழித்திரை கிழிந்து நெடுநாள் விலகியே கிடந்தால் இத்தடுப்பு உடைகின்றது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உள்ளே கசிகின்றன. நிறமிச் செல்கள் கிழிசல் வழியாக உதிர்ந்து கூழுக்குள் பரவுகின்றன. நீரை இறைக்கும் நல்ல வேலையைச் செய்துகொண்டிருந்த அதே செல்கள், தம் இயல்பு மாறித் தழும்பு நெய்யும் செல்களாகிவிடுகின்றன. விழித்திரையின் முன்னும் பின்னும் மெல்லிய சவ்வு படர்கின்றது. பிறகு அச்சவ்வு சுருங்குகின்றது.

தீக்காயம் பட்ட கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புண் ஆறிய பிறகு தழும்பு இழுத்து விரல்களை மடக்கிவிடுகின்றது அல்லவா? அதுவே விழித்திரைக்கும் நேர்கின்றது. திரை மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, ஒட்டியதும் மறுபடி கழன்றுவிடுகின்றது. கிழிசலால் விலகியவர்களுள் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இது நேர்வதாகக் கணக்கிட்டுள்ளார்கள். அறுவை தோற்பதற்குத் தலையாய காரணம் இதுவே. பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டும். “தையல் பிரித்தாயிற்று, கண் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இத்தழும்பை மருந்தால் தடுக்க முடியாதா? அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளையும், மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் உறுதியாகக் கொடுக்கத்தக்க மருந்தாக எதுவும் இன்னும் நிலைபெறவில்லை. சவ்வை உரித்தெடுக்கும் நுண் அறுவை உண்டு. 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாகெமர் என்பவர் கண்ணுக்குள் நுழைந்து கூழை அகற்றும் முறையை வகுத்ததால் அது கைகூடியது. ஆயினும் எல்லா மருந்தினும் மேலான மருந்து ஒன்று உண்டு. அதுதான் விரைவு. கிழிசலோடு நிற்கும்போதே வந்துவிட்டால், பெரும்பாலும் லேசர் சூட்டோடு காரியம் முடிந்துவிடும். திரையின் நடுப்பகுதி கழலுமுன் வந்தால் நல்ல பார்வை மிஞ்சும். நடுப்பகுதி கழன்ற பிறகு கடக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

கிழிசல் இல்லாத விலகல்

இனி, அழற்சியே நேரடிக் காரணமாக நிற்கும் வகை. இதில் கிழிசல் கிடையாது. கரிய படலத்தில் அழற்சி எழுந்து இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகின்றது. கிணற்றில் இறைப்பதைவிட ஊற்று மிகுந்தால் நீர் மட்டம் ஏறுவதுபோல, நிறமிச் செல்கள் இறைத்தும் மாளாமல் நீர் தேங்கித் திரையைத் தூக்குகின்றது. உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கும். படுத்தால் பின்னால் போகும். ஆகவே நோயாளியின் பார்வையும் நேரத்துக்கு நேரம் மாறும்.

1926-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஹரடா இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருக்கு முன் 1906-ல் சுவிட்சர்லாந்தின் வோக்ட்டும், பின் 1929-ல் ஜப்பானின் கொயனாகியும் அதே நோயின் வேறு முகங்களைக் குறித்தார்கள். மூவர் பெயராலும் இன்று அது வழங்கப்படுகின்றது. முதலில் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, காதில் இரைச்சல். சில நாள்களில் இரு கண்களிலும் பார்வை மங்கல். மாதங்கள் சென்றபின் சிலருக்கு இமைமயிர் நரைத்தல், தோலில் வெண்திட்டு. உடலின் காவற்படையே நிறமிச் செல்களைப் பகைவர் என்று எண்ணித் தாக்குவதால் இது வருகின்றது. நிறமி மிகுந்த நம்மைப் போன்ற மக்களிடையே இது காணப்படுகின்றது. இது தொற்றுநோய் அன்று. வெண்திட்டைக் கண்டு எவரையும் ஒதுக்கிவைப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

இவ்வகைக்குக் கத்தி வேண்டுவதில்லை. அழற்சியைத் தணித்தால் நீர் வற்றித் திரை தானே படிந்துவிடும். அமெரிக்காவின் ஹெஞ்ச் என்பவர் 1948-ல் கார்டிசோனை முதன்முதலாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். அதன் வழிவந்த ஸ்டீராய்டு மருந்துகளே இங்கு உதவுகின்றன. ஆனால் தொடக்கத்திலேயே போதிய அளவில் கொடுத்து, குறைந்தது ஆறு மாதமேனும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பார்வை தெளிந்தவுடன் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகிறவர்களுக்கு நோய் திரும்பி வருகின்றது. திடீரென நிறுத்துவது உடலுக்கே ஆபத்து.

இந்நோய்க்கு உடன்பிறப்பு போன்றது மற்றொன்று. ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டபின், வாரங்களோ மாதங்களோ கழித்து, காயமே படாத மறு கண்ணிலும் அழற்சி எழுகின்றது. சிலருக்கு அதனால் விழித்திரையும் விலகும். அரிதான நோய்தான். ஆனால் உலகம் அறிந்த ஒருவரைக் குருடாக்கியது இதுவே என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அவர் பெயர் லூயி பிரெயில். 1809-ல் பிரான்சு நாட்டின் கூவ்ரே சிற்றூரில், சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது கூரிய ஊசி ஒரு கண்ணில் குத்திவிட்டது. சில காலத்தில் மறு கண்ணும் அழற்சியுற்று, ஐந்து வயதுக்குள் இரு பார்வையும் போயிற்று. ஊர்ப் பங்குக் குருவானவர் பலுயி அச்சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் வளர்ந்து பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1829-ல் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டுப் பார்வையற்றோருக்குக் கல்விக் கதவைத் திறந்தார். 1852-ல் காலமானார்.

அவர் காலத்தில் அழற்சியைத் தணிக்கும் மருந்து இல்லை, இன்று இருக்கின்றது. ஆகவே கண்ணில் குத்துக்காயம் பட்டால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். ஆறிய பிறகும் மறு கண்ணில் மங்கலோ, கூச்சமோ தோன்றினால் மீண்டும் ஓடுங்கள். கிட்டிப்புள் விளையாடும் சிறுவர்களே, உளியும் சுத்தியும் பிடிக்கும் தொழிலாளத் தோழர்களே, திருவிழாவில் வாணவேடிக்கை விடும் இளைஞர்களே, இது உங்களுக்கு!

சிறுவர்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. நாய்க்குட்டிகளின் குடலில் வாழும் ஒருவகைப் புழுவின் முட்டை, மண்ணில் விளையாடும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போனால், புழுக்குஞ்சு கண்வரை சென்று அழற்சியை உண்டாக்கி, தழும்பால் விழித்திரையை இழுத்துவிடுவதுண்டு. நாய்க்குட்டிக்குப் புழு மருந்து கொடுப்பதும், சாப்பிடுமுன் கைகழுவுவதும் போதும், இதைத் தடுத்துவிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் தழும்பு இழுத்துத் திரை விலகும். அவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது. திடீரெனக் கொசுக்கூட்டம் பறப்பதுபோல் கரும்புள்ளிகள் தோன்றுவது. பார்வையின் ஓரத்தில் திரை விழுவதுபோல் நிழல் படர்வது. ஒன்றிரண்டு புள்ளிகள் நெடுநாளாக மிதப்பது பலருக்கும் உள்ளதுதான், அஞ்ச வேண்டாம். ஆனால் புதிதாக, திடீரென வந்தால் அவர்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் கிழிசல் இருக்கின்றது. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.

இரண்டாவது, “உடம்பில் சூடு ஏறிவிட்டது” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கண்ணின் பின்சுவரில் நடக்கும் காரியத்தை இவை எட்டுவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுவதும் கூடாது. மருத்துவர் கையில் அமுதமான அதே மருந்து, மேற்பார்வை இல்லாமல் போட்டால் கண் அழுத்தத்தையும் புரையையும் வருவிக்கும். கிருமிப் புண்ணை வளர்த்துவிடும். கிழிசலால் வந்த விலகலா, அழற்சியால் வந்த விலகலா என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும். முன்னதற்கு அறுவை, பின்னதற்கு மருந்து. மாறிப்போனால் கண் போகும்.

மூன்றாவது, நமது ஞானக் காரியங்களைக் காரணம் காட்டித் தாமதிக்காதீர்கள். கண்ணோய்க்குப் புனித லூசியம்மாளிடம் வேண்டிக்கொள்வது நம் மக்களின் நல்ல வழக்கம். வேண்டிக்கொண்டே பேருந்தில் ஏறுங்கள். டிசம்பர் 13 அவர் திருநாள். அதற்குப் போய் நேர்ச்சை செலுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சனி இரவு கண்ணில் திரை விழுந்தால், ஞாயிறு காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை போகலாம் என்றும் எண்ணாதீர்கள். அன்றிரவே புறப்படுங்கள். இத்தகைய நேரத்தில் ஞாயிறு கடன் உங்களைக் கட்டுப்படுத்தாது. இதை உங்கள் பங்குக்குரு என்ற முறையில் வெளிப்படையாகவே சொல்கின்றோம். நல்ல கண்ணோடு திரும்பி வந்து நன்றி செலுத்துங்கள்.

நான்காவது, பணம். “கையில் காசு சேரட்டும்” என்று காத்திருந்து பார்வை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பொன்விழாவின் பெயரால் நாம் கொடியேற்றுகிறோம், தோரணம் கட்டுகிறோம். அவை நல்லவையே. ஆனால் இப்பங்கில் எவரும் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் கண்ணை இழந்தார் என்ற பேச்சு இனி எழக் கூடாது. வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் இதைக் கூறியிருக்கின்றோம். எந்நேரமானாலும் பங்குத்தந்தை இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். சாதி, சமயம் பாராமல் ஊரில் யார் வந்தாலும் வழிச்செலவும் துணைக்கு ஓர் ஆளும் உண்டு.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நம் ஊரில் அந்தப் பழமொழிக்கு வேலை இல்லாமல் செய்வோம். இப்போது மருத்துவர்கள் தங்கள் பணியைத் தொடங்குவார்கள். முதியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் முதல் வரிசையில் வாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் ஓட்டாமல், உடன் வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும், உங்கள் கண்களையும், உங்களுக்காக இன்று உழைக்க வந்திருக்கும் இம்மருத்துவர்களின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.